ஐம்பத்திரண்டாவது வரி

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் டைம்டேபிள் டீச்சர். வகுப்பில் அவர் நடத்துவதென்னவோ கணக்குதான். ஆனால் கணக்கு டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றால் வாசல் காவலாளி, நாலு பேரில் யார் என்று திருப்பிக் கேட்பார். டைம்டேபிள் டீச்சர் என்றால் பேசாமல் கையை நீட்டி மாடிப்படியைக் காட்டிவிடுவார். ஐம்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு பீரியட். யார் எந்த மணிக்கு எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்பதைப் பதினோரு வருடமாக அவர்தான் தீர்மானித்து வந்தார்.

இதில் அவருக்கு இருந்த பெருமையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்க மாட்டார் என்று ஊழியர் அறை முழுக்கப் பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தாங்க மாட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. அதே பள்ளியில் பூகோளம் நடத்தும் ஆசிரியர் அவருடைய கணவர்.

முதல் வருடம் இந்த வேலை கைக்கு வந்த அன்றே வீட்டில் கணவரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். தனக்கென்று எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று. பூகோள சார் சரி என்றார். சார் அதிகம் பேசுகிறவர் இல்லை. உலகத்தில் எத்தனை மலை, எத்தனை நதி என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது என்பது டீச்சரின் கணிப்பு. பட்டியலிலும் அவர் பெயரை எல்லாருக்கும் கீழே, ஐம்பத்திரண்டாவது வரியில் போட்டார். இதைவிட நேர்மையாக ஒரு மனைவி நடந்துகொள்ள முடியுமா என்று தனக்குத்தானே ஒருமுறை மெச்சிக்கொண்டார்.

விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் டீச்சருக்கு அறுவடைக் காலம். பள்ளி திறப்பதற்கு முன் பட்டியல் தயாராக வேண்டும். கூட்டம், பயிற்சி என்று வந்துபோகும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடுவார்கள். ஒருவருக்கு முதல் பீரியட் வேண்டாம், ஒருவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம், எல்லாருக்கும் எட்டாவது பீரியட் வேண்டாம். ஏழாவது மணி அடித்ததும் கிளம்பினால் உடனே ஒரு பேருந்து உண்டு. எட்டாவதை முடித்துவிட்டுப் போனால் அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் காய வேண்டும். அதனால் அந்த எட்டாவது பீரியடைத் தள்ளிவிட மற்றவர்கள் செய்யும் சமர்த்தைச் சொல்லி மாளாது.

இதற்காகத்தான் டீச்சர் லேப்டாப்பை அப்படி நேசித்தார். ஆள் வரும் சத்தம் கேட்டால் மூடியைச் சாய்த்துவிடலாம். தேடி வந்துவிட்டால் தூக்கிக்கொண்டு இடம் மாறலாம். நூலகப் படியில், முதலுதவி அறைக் கட்டிலில், நின்ற வாக்கில் ஜன்னல் விளிம்பில் என்று அவர் வேலை செய்யாத இடமில்லை. ஒரு வருடம் அறிவியல் கூடத்தின் சாமான் அறையில், பாடத்துக்கு வைத்திருக்கும் எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அந்தப் பள்ளியிலேயே எட்டாவது பீரியட் வேண்டாம் என்று கேட்காத ஒரே ஆள் அதுதான் என்று பின்னால் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அந்தச் சின்னத் திரையில் பட்டியல் முழுதாக ஒருநாளும் அடங்கியதில்லை. திங்களும் செவ்வாயும் தெரிந்தால் வெள்ளி தெரியாது. மேலே உள்ள பதினெட்டு பேர் தெரிந்தால் கீழே உள்ளவர்கள் எங்கோ பாதாளத்தில் இருப்பார்கள். எல்லாம் தெரியட்டும் என்று சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். கண்ணாடியைக் கழற்றுவார், மாட்டுவார், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிவார். விரலால் இழுத்து இழுத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். சண்டைக்கு வரக்கூடியவர்களின் எட்டாவது பீரியட்களை மட்டும் பக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்துக்கொள்வார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவருக்குப் போதும், கழுத்துக்குப் போதவில்லை. பன்னிரண்டாவது விடுமுறையில் அது மக்கர் செய்தது. இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. இடது பக்கத்திலிருந்து யாராவது வணக்கம் சொன்னால் டீச்சர் உடம்போடு மொத்தமாகத் திரும்பிப் பதில் வணக்கம் சொன்னார். புதிதாக வந்த தலைமையாசிரியை இரண்டு நாள் இதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ஒன்று பெரிய திரையில் வேலை செய்யுங்கள், இல்லையென்றால் பட்டியலை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பட்டியலைக் கொடுப்பதா. கழுத்தையே கழற்றிக் கொடுத்திருப்பார்.

திரை வந்தது. ஊழியர் அறைக் கதவில் நுழையப் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. தன் முதுகு சுவரைப் பார்க்க, திரையை வேறு யாரும் பார்க்க முடியாத மூலையில் வைப்பதாக டீச்சர் திட்டம் போட்டிருந்தார். ஆனால் வேலை செய்கிற ஒரே ப்ளக் கதவை ஒட்டிய சுவரில் இருந்தது. அங்கே வைத்தால் திரை அறைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முகத்தையும் பார்க்கும். தெருமுனை விளம்பரப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்வது போல இருக்கிறது என்று தலைமையாசிரியையிடம் புகார் சொன்னார். அதற்கென்ன, மறைக்க எதுவும் இல்லையே என்றார் அவர். நேர்மைக்குப் பேர் வாங்கியவர் திரையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

பூகோள சார் தன் பங்குக்குப் பழைய அட்லஸ் புத்தகங்கள் இரண்டைக் கொண்டுவந்து திரைக்கு அடியில் வைத்தார். டீச்சரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, திரையின் மேல் விளிம்பு அவர் புருவத்துக்கு நேராக வருகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு நாற்காலியை ஒரு கை நீளத்துக்குப் பின்னால் இழுத்தார். தனியாக ஒரு கீபோர்டை மடிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். தொலைவாக இருக்கிறதே என்று டீச்சர் முணுமுணுத்தார்.

"மேப்பை யாராவது மூக்குல ஒட்டிக்கிட்டுப் பாப்பாங்களா? கொஞ்சம் தள்ளி உக்காந்து பாரு," என்றார் சார். அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

முதல் நாள் டீச்சர் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். பின்னால் யாராவது நடந்தால் கை தானாக மூடியைச் சாய்க்கப் போகும். சாய்க்க மூடி இல்லை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. நாலு நாள் பிடிக்கிற வேலை முடிந்திருந்தது, தோள் இறங்கியிருந்தது, கண்ணாடி ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே பார்வையில் நின்றார்கள். இதை ஒப்புக்கொள்வதற்குப் பதில் வெயில் குறைந்திருப்பதால் வேலை ஓடுகிறது என்று எல்லாரிடமும் சொன்னார்.

கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. எட்டாவது பீரியட்களுக்கெல்லாம் சிவப்பு வண்ணம் அடிக்க வேண்டும். ஆளுக்கு வாரத்துக்கு மூன்று, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது என்பது அவரே வகுத்த விதி. அடித்துவிட்டு, சார் சொன்னபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

மேலே அங்கங்கே இரண்டும் மூன்றுமாகச் சிவப்பு இருந்தது. சில வரிகளில் ஒன்றுதான். கண் கீழே இறங்க இறங்கச் சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. கணவரின் ஐம்பத்திரண்டாவது வரியில் திங்கள் சிவப்பு, செவ்வாய் சிவப்பு, புதன், வியாழன், வெள்ளி எல்லாம் சிவப்பு.

விரலைத் திரையில் வைத்து எண்ணினார். ஐந்துதான். போன வருடப் பட்டியலைத் திறந்து பக்கத்திலேயே வைத்தார். பெரிய திரையில் இரண்டுக்கும் தாராளமாக இடமிருந்தது. அதிலும் ஐந்து. அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முந்தைய வருடம் என்று முதல் வருடம் வரை திறந்து பார்த்தார். பதினோரு வருடமும் அந்த வரி அப்படியேதான் இருந்தது.

எப்படி நடந்தது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளாக, மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டு வருவார். கெஞ்சியவர்களுக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிக்கு வரும்போது மிச்சம் இருப்பது எட்டாவது பீரியட்தான். இன்றைக்கு ஒரு நாள்தானே, நம்ம ஆள்தானே, பொறுத்துக்கொள்வார் என்று போடுவார். திங்கள்கிழமைக்கும் அப்படித்தான் நினைத்தார். செவ்வாய்க்கு வரும்போது திங்கள் திரையை விட்டுப் போயிருக்கும். நோட்டில் கணவருக்குக் கோடு போட்டு எண்ணவும் இல்லை. சண்டைக்கு வராதவருக்கு எதற்கு நோட்டு.

டீச்சருக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. தனக்கு எட்டாவது பீரியட் இருக்கிற இரண்டு நாளும் கணவர் நிறுத்தத்தில் கூடவே நிற்பார். மனைவிக்காகக் காத்திருக்கிறாரே என்று பதினோரு வருடமாக உள்ளுக்குள் பூரித்து, தங்கையிடம் வேறு பெருமையடித்திருந்தார். மற்ற நாள்களில் அவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தால், விளையாட்டு ஆசிரியரோடு அரட்டை என்று தானே முடிவு கட்டி, செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுவார்: எங்க சுத்திட்டு வர்றீங்க? வேலை இருந்துச்சு என்பார் அவர். பெரிய வேலை என்று டீச்சர் முகத்தை வெட்டுவார்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வேதியியல் டீச்சர், வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியட் வேண்டாம் என்று வருடாவருடம் வைக்கும் விண்ணப்பத்தோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவரும் திரையைத்தான் பார்த்தார். மறைக்க வழியில்லை.

"இத இப்பதான் பாக்குறீங்களா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். "கடைசி மணி அடிக்கும்போது நாங்க முறை வச்சு மாறுவோம். சார் மட்டும் தினமும் இருப்பாரு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

 வேதியியல் டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. "சொன்னா அதுல ஒண்ணு எனக்கு வந்துடுமே."

அறையில் இருந்த ஏழெட்டு பேரும் திருத்துவது போலப் பாவனை செய்துகொண்டிருந்த காகிதங்களை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். டீச்சருக்கு முகம் சுட்டது. இந்த வரியை இப்போது மாற்றினால் அத்தனை பேர் கண் முன்னால் புருஷனுக்குச் சலுகை செய்தவர் ஆவார். பதினோரு வருடம் கட்டிக்காத்த பேர் அதோடு போயிற்று. லேப்டாப்பாக இருந்தால் மூடியைச் சாய்த்துக்கொண்டு, எலும்புக்கூட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது, அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

நாற்காலியோடு அறையைப் பார்த்துத் திரும்பினார். கழுத்து நோகவில்லை.

"என் வீட்டுக்காரருக்கு இருக்கற அஞ்சுல ரெண்டை எடுக்கப் போறேன்," என்றார். "அவருக்காகத்தான் எடுக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ஏழெட்டு பேரும் மறுபடி காகிதங்களைக் கையில் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைச் சிவப்பு வேதியியல் டீச்சரின் வரிக்குப் போனது. அவர் ஒரு பெருமூச்சோடு விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைச் சிவப்பைத் தன் வரிக்கே கொண்டுவந்தார். பிறகு கணவரின் வரியை அப்படியே பெயர்த்து மேலே நடுவில் எங்கோ சொருகிவிட்டு, தன் பெயரை ஐம்பத்திரண்டாவது வரியில் போட்டார். கடைசியில் யாராவது ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும். பட்டியல் போடுகிறவரே இருந்தால் அந்த வரியைப் பார்க்க மறக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை, சொல்லவும் இல்லை.

பள்ளி திறந்தது. செவ்வாய்க்கிழமை எட்டாவது பீரியட் முடிந்து டீச்சர் நிறுத்தத்துக்கு வந்தார். பக்கத்தில் நிற்க ஆளில்லை. ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதைத் தனியாக நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. உட்கார இருந்த ஒரே பலகையில் வெயில் அடித்தது. இதே இடத்தில் இத்தனை வருடமாகக் கணவர் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று யோசித்துப் பார்த்தார், கண் கலங்கியது.

வீட்டுக் கதவைத் தள்ளினால் பூகோள சார் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உடைமாற்றி, முகம் கழுவி, டீ போட்டு மூடி வைத்திருந்தார். டீச்சர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பத்திரிகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எங்க சுத்திட்டு வர்ற?" என்றார். குரல், இழுவை, தலை சாய்ப்பு எல்லாம் அச்சு அசலாக டீச்சருடையது.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் வாயில் வந்தது கணவர் எப்போதும் சொல்லும் பதிலேதான். "வேலை இருந்துச்சுங்க."

"தெரியும்," என்று சார் எழுந்து வந்து அவர் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். "பட்டியல்ல உன் வரியப் பாத்தேன்."