ஹார்ட்முட் லூபெக்குக்குப் போட்ட திட்டம்

ஹார்ட்முட் பிராண்டெஸ் லூபெக்குக்குப் போகத் திட்டம் போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரான செல்லெயிலிருந்து லூபெக் என்ன நிலாவிலா இருக்கிறது? நடுவில் இரண்டு இடத்தில் ரயில் மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நானும் அவனும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருப்பவர்கள், வியாழக்கிழமைதோறும் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். அதனால் அந்தத் திட்டத்தின் எல்லா அவதாரங்களையும் கேட்டுத் தொலைக்கும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்தது.

லூபெக்கில் இருந்தது ரோஸ்விதா. முழங்கால் அறுவைக்குப் பிறகு, உடம்பைத் தேற்றிக்கொள்ள மூன்று வாரம் ஹார்ட்முட்டைக் கடலோரத்து விடுதி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் நாள் சாப்பாட்டுக்கு எந்த மேசையில் உட்காரவைக்கிறார்களோ, கடைசி நாள் வரை அதுதான் நம் மேசை. இவனுக்கு எதிரே உட்கார்ந்தவர், இடுப்பு அறுவை முடிந்து வந்த ரோஸ்விதா. இவன் மனைவியை இழந்தவன், அவர் கணவனை இழந்தவர். இப்படி விடுதிகளில் முளைக்கும் சிநேகங்களைப் பற்றி எங்கள் ஊரில் கண்ணைச் சிமிட்டித்தான் பேசுவார்கள். நானும் சிமிட்டினேன். ஆனால் திரும்பி வந்தவன் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டே ஏறினான். அவன் மனைவி இறந்த பிறகு அந்தச் சீட்டியை நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"வாங்க, ஸ்டேஷனுக்கு நானே வந்து நிக்கிறேன்" என்று ரோஸ்விதா சொல்லியிருந்தார். இவனும் திட்டத்தில் இறங்கினான். வசந்தத்தில் தண்டவாள வேலை நடக்கும் என்றான். கோடையில் விடுமுறைக் கூட்டம் என்றான். இலையுதிர்காலத்தில் புயல் வந்து மரம் சாயும் என்றான். ஒரு மாதம் முழுக்கக் காலையில் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று நின்று பார்த்துவிட்டு வந்தான்.

"அந்த ஒன்பது மணி வண்டி என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்கா சொல்லு? ஊல்ட்ஸென்ல மாற வேண்டிய வண்டி நமக்காகக் காத்துட்டு நிக்குமா?"

"நிக்காட்டி அடுத்த வண்டியில போயேன்டா. அலை ஓஞ்சப்புறம்தான் கடல்ல குளிப்பேன்னா எப்ப குளிக்கிறது?"

"உனக்கென்ன, நீ சொல்லிட்டுச் சீட்டைப் போடு."

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அவன் சீட்டைக் கையில் எடுக்கவே இல்லை.

"ரோஸ்விதா நேத்து ஒண்ணு கேட்டாங்க. 'ஹார்ட்முட், நீங்க வரப்போறீங்களா, இல்ல ரயிலப் பத்திப் பேசத்தான் எனக்குப் போன் பண்றீங்களா'ன்னு. இந்த மாசம் வரலைன்னா இனிமே போன் பண்ண வேண்டாம்னுட்டாங்க."

"நல்லா கேட்டாங்க" என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு லூபெக் வருவதாக அவரிடம் சொல்லிவிட்டான். ஆனால் இரண்டு மணிக்குப் போய்ச் சேரும் வண்டியை நம்ப அவன் என்ன பைத்தியமா? அதற்கு மூன்று மணி நேரம் முந்திய வண்டியைப் பிடிக்க முடிவு செய்தான். துணைக்கு என்னையும் இழுத்தான். நான் அவனை ரோஸ்விதாவிடம் ஒப்படைத்துவிட்டு, மார்சிபான் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதாகப் பேச்சு.

விதியைப் பாருங்கள், அன்றைக்கென்று நாங்கள் ஏறிய எல்லா ரயிலும் நேரத்துக்கு ஓடின. ஊல்ட்ஸெனில் மாறினோம், லூனெபுர்கில் மாறினோம், எங்கேயும் ஒரு குறை இல்லை. ஹார்ட்முட்டின் முகம்தான் ஊருக்கு ஊர் வெளுத்துக்கொண்டே வந்தது. கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒரே மேசைல உட்காரவச்சாங்க, அதனால பேசினாங்க" என்றான் திடீரென்று. "அந்த மேசை இல்லாம நான் யாரு அவங்களுக்கு?"

இரண்டு வருடத் தண்டவாள வேலைக்கும் புயலுக்கும் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. "முட்டையைத் தின்னு" என்றேன்.

பதினொரு மணிக்கு லூபெக்கில் இறங்கினோம். "போன் பண்ணி வந்தாச்சுன்னு சொல்லு" என்றேன்.

"ரெண்டு மணின்னு சொல்லியிருக்கேன். அவங்க தலை சீவிட்டிருப்பாங்க, கேக் அடுப்புல இருக்கும். முன்னாடியே போய் நிக்கிறது மரியாதையா?"

இதற்கு மேல் நான் வாதாட முடியாது. சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒருவர் வீட்டு மணியை அடிப்பது, எங்கள் பக்கத்தில் பிந்துவதைவிடப் பெரிய பிழை. விருந்துக்கு வந்தவர்கள் தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் மணியை அடிப்பார்கள். ஆகவே ஸ்டேஷனுக்குள்ளேயே, தண்டவாளங்களுக்கு மேலே இருக்கும் பாலத்தில் ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்தோம். காபி, மறுபடி காபி.

ஒன்றரை மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. காற்று வாங்கக் கீழே முன்கூடத்துக்கு இறங்கினேன். வாசலோரப் பெஞ்சில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி, மடியில் பூங்கொத்து. ஹார்ட்முட் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் படத்திலிருந்த அதே முகம். அறிவிப்புப் பலகை அவருக்குத் தூரம் போலிருக்கிறது, என்னையே கூப்பிட்டுக் கேட்டார்:

"ஐயா, லூனெபுர்க்லேர்ந்து வர்ற ரெண்டு மணி வண்டி லேட்டுன்னு போட்டிருக்கா?"

பலகையைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் தாமதம்.

"வண்டிதாம்மா லேட்டு. ஆள் மேல கடையில உட்கார்ந்திருக்கார், பதினோரு மணிலேர்ந்து."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் பத்து மணிலேர்ந்து இங்கதான் இருக்கேன்" என்றார். "இந்த ரயிலுங்களை நம்பவே முடியாது. மனுஷன் ஒருவேளை முன்னாடி வந்து, நான் இல்லைன்னு பயந்து திரும்பிட்டா?"

அழைத்துக்கொண்டு மேலே போனேன். ஹார்ட்முட் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே ஸ்டேஷன்ல! ரெண்டரை மணி நேரம் வீணாப் போச்சே!"

"ரெண்டரை மணி நேரமா?" என்றார் ரோஸ்விதா. "ரெண்டு வருஷம் போச்சே, அதுக்கு அழுங்க." சொல்லிவிட்டு, யாரும் உட்காரவைக்காமலே அவனுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அங்கே வேலை இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது பழக்க தோஷத்தில், "திரும்ப எந்த வண்டிடா?" என்று கேட்டுவிட்டேன்.



"அதை நான் பார்க்கவே இல்லையே" என்றான் ஹார்ட்முட்.