எர்மினியா கோட்டை விட்ட சொல்

யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், எர்மினியா வேண்டுமென்று பொய் சொன்னவள் இல்லை. காதில் விழுந்ததைத்தான் சொன்னாள். விழுந்தது அரைகுறையாக விழுந்தது, அதுதான் வினை.

அமெரிக்காவின் தெற்குக் கோடியில், வெஸ்லாக்கோவுக்குத் தெற்கே எங்கள் தெருவில் பேச்சு ஸ்பானிஷ்தான், பெரியவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் வராது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு வரும். ஆனால் கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் சொல்வதையும், வீட்டைக் காலி பண்ணு என்று வக்கீல் சொல்வதையும் பிள்ளைகளை விட்டா கேட்கச் சொல்வது? அதற்கெல்லாம் எர்மினியாதான். குழந்தை பிறக்கவில்லை, புருஷன் லாரியோடு போய்விடுவான். யார் வந்து கதவைத் தட்டினாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவாள். ஒரு தடவை டாக்டர் சொன்னதை எதிர்த்து அவரோடு அவளே சண்டை போட்டாள், நோயாளி சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்டவள்.

அவளுக்கு இங்கிலீஷ் வந்தது வெங்காயக் கொட்டகையில். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுகலைப் பொறுக்கி எறிகிற வேலை. அங்கே காதில் விழுந்த சொல்லெல்லாம் வேலையைப் பற்றிய சொல். 'மிஸ்' என்றால் அழுகல் ஒன்று கைக்குத் தப்பிப் போய்விட்டது என்று அர்த்தம். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "மிஸ்டு ஒன், மீனா" என்று கத்துவான்; கொட்டகையில் அவள் பேர் மீனா. காலை பஸ்ஸை விட்டவர்களுக்கும் அதே சொல், அதே திட்டு. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நல்ல குரலில் அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை.

அவளுடைய ஞானப்பிள்ளை ரெனே. அடுத்த வீட்டு எலிசெயோவுக்கும் சாவேலாவுக்கும் ஒரே பையன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவள் எர்மினியா. அன்றிலிருந்து எலிசெயோவும் அவளும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். உறவுக்காரர்களைவிட ஒரு படி மேல் அது. பையனுக்கு அவள் 'நீனா', ஞானத்தாய்.

ரெனே சின்னப் பையனாக இருந்தபோது சாவேலாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி, ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டி வந்தது. பையனை வடக்கே மிச்சிகனில் இருந்த தாய்மாமனிடம் அனுப்பினார்கள். அம்மாவுக்கு உடம்பு தேறுகிற வரைக்கும் என்றுதான் பேச்சு. தேறியபோது அவன் அங்கே பள்ளிக்கூடத்தில் இருந்தான், மாமன் பெண்டாட்டி அமெரிக்கக்காரி, வீட்டில் இங்கிலீஷ்தான். அப்புறம் கோடையில் வந்தான், அப்புறம் அதுவும் இல்லை. ஸ்பானிஷ் அவன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோயிற்று. கடைசியில் நிலைத்தது 'நீனா'வும் சாப்பாட்டுப் பேர்களும்தான்.

பல வருஷம் கழித்து சாவேலா சாகக் கிடந்தபோது, வரச்சொல்லியிருந்த ரெனேயின் பஸ் வந்துவிட்டதா, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தலையை மடியில் வைத்திருந்தது எர்மினியா. வடக்கே பனி கொட்டி ரோடு அடைபட்டுக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம், ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ரெனே வந்து வாசற்படியில் நின்றான். தோளுக்குப் பொருந்தாத இரவல் கோட்டு. தகப்பனைப் பார்த்து, "ஐ மிஸ்டு ஹெர்" என்றான்.

எலிசெயோ எர்மினியா பக்கம் திரும்பினார். "என்ன சொல்றான் கொமாத்ரே?"

எர்மினியாவின் மடியில் இன்னும் அந்தத் தலையின் கனம் இருந்தது.

"அம்மாவைக் கோட்டை விட்டுட்டேங்கறான்" என்றாள்.

எலிசெயோ தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பினார். "கோட்டை விடறதுக்கு அவ என்ன பஸ்ஸா?"

சொன்னதைச் சொன்னபடியே சொல்லிப் பழகியவள், இதையும் அப்படியே இங்கிலீஷில் அவனிடம் சொல்லிவிட்டாள். பையன் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு பெண் தட்டில் பீன்ஸ் போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டான். கல்லறைக்குத் தனியாகப் போனான், சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டான்.

அடுத்த வெங்காயப் பருவத்தில் கொட்டகைக்கு ஒராலியா என்ற பெண் வேலைக்கு வந்தாள். புதுசாகக் கல்யாணம் ஆனவள். புருஷன் பட்டாளத்தில், எங்கோ ஜெர்மனியில். பாதி ஸ்பானிஷ் பாதி இங்கிலீஷில், நான் அவரை மிஸ் பண்றேன், மிஸ் பண்றேன் என்று நாள் முழுக்கப் புலம்புவாள்.

"எந்தப் பக்கமா உருண்டு போனான்? பெல்ட்டுக்கு அடியில தேடிப் பாரு" என்றாள் எர்மினியா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒராலியாவும் சிரித்தாள். "தோஞா மீனா, இது அந்த மிஸ் இல்ல. அவர் இல்லாம எனக்கு ஏக்கமா இருக்கு, அந்த மிஸ்ஸு. எஸ்த்ராஞோ."

எர்மினியாவின் கை நின்றுவிட்டது. பெல்ட்டில் அழுகல் அது பாட்டுக்குப் போயிற்று, மேஸ்திரி கத்தினான், அவள் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குக்கூடப் போகாமல், வெங்காய நாற்றத்தோடு நேராக எலிசெயோவிடம் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டாம், பையன் அம்மாவுக்காக ஏங்கினேன் என்று சொல்லியிருக்கலாம், இரண்டையும் சேர்த்தேகூடச் சொல்லியிருக்கலாம், தனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான் என்றாள்.

எலிசெயோ அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எஸ்த்ராஞோன்னா நம்ம பாஷையில ஏங்கறேன்னும் அர்த்தம், அந்நியன்னும் அர்த்தம்" என்றார். "நம்மளுதும் லேசுப்பட்டதில்ல கொமாத்ரே."

"என் மேலதான் தப்பு கொம்பாத்ரே."

"பையன் முகத்தை வச்சுக்கிட்டு எதிர்லயே நின்னான். நான் அதைப் பாக்காம உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் செமாவின் மளிகைக் கடைக்குப் போய் மிச்சிகனுக்குப் போன் போட்டார்கள். மாமன் பெண்டாட்டிதான் எடுத்தாள். ரெனே அங்கத்துப் பெரிய ஏரிகளில் ஓடுகிற கப்பல்களில் வேலைக்குப் போய்விட்டானாம், எப்போது கரைக்கு வருவானென்று தெரியாதாம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாளாம். எர்மினியா போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன சொல்லட்டும் என்றாள்.

"ஏங்கறேன்னு சொல்ல அவங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதானா?"

"எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்."

"அப்ப வேண்டாம். நேர்ல வரட்டும்."

எர்மினியா வற்புறுத்தியிருக்கலாம். மற்ற எல்லாவற்றிலும் பிடிவாதக்காரி, அன்றைக்கு மட்டும் பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

நேரில் அவன் வந்தது எலிசெயோவின் அடக்கத்துக்கு. இந்தத் தடவை நேரத்தோடு வந்துவிட்டான். பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். என்ன சொல்கிறான் என்று எர்மினியாவைக் கேட்க இப்போது ஆளில்லை. மண் போட்டு முடித்து ஜனம் கலைந்த பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த இங்கிலீஷை அவள் சொன்னாள்.

"யுவர் பப்பா, ஹி மிஸ்டு யூ."

ரெனே குழியைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"எஸ் நீனா. ஹி டிட்."

எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.