மொட்டை டயர் தேடி மாவனல்லைக்கு

சனிக்கிழமை விடிவதற்குள் கஹவத்தையிலிருந்து லொறி புறப்பட்டது. பின்னால் எங்கள் 800 சிசி கார் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கிடந்தது. முன்னால் நானும் என் கணவர் ராஜுவும். ராஜுவுக்கு டவுனில் ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. காரைத் தயார் செய்வது அவர், ரேஸ் ஓட்டுவது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழியில் ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஞாயிறு பிற்பகல் பன்னலைப் பக்கத்து ஓடுதளத்தில் பன்னிரண்டு சுற்று ஓட வேண்டும். போன தடவை சாதாரண வீதி டயரில் ஓடினேன். ஏழாவது சுற்றில் முன் டயரின் ஓரம் பிய்ந்து புல்லில் போய் நின்றேன். அதற்கு முந்திய தடவையும் முடிக்கவில்லை. இந்தத் தடவையும் முடிக்காவிட்டால் காரை விற்றுவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். அந்த வாக்கைக் கொடுத்தது நான்தான். அதனால் எனக்கு ஸ்லிக் டயர் வேண்டும்.

ஸ்லிக் என்றால் கோடும் பள்ளமும் இல்லாத வழவழப்பான டயர். முழு ரப்பரும் தரையைப் பிடிக்கும். காய்ந்த ஓடுதளத்துக்கு மட்டும்தான் அது. மழை பெய்தால் வழுக்கிக் கொல்லும், பொது வீதியில் ஓட்டவும் கூடாது. எங்கள் பதின்மூன்று அங்குல ரிம்முக்குப் புதிது வாங்கினால் ஒரு டயர் 62,000 ரூபா சொல்கிறார்கள். நான்கு வாங்க எங்களால் முடியாது. பாவித்ததில் நல்லதாகப் பொறுக்க வேண்டும்.

பெல்மதுளை வழியாக இரத்தினபுரி சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே ஒரு டயர் கடை முதலாளியிடம் ராஜு முன்பே போனில் பேசியிருந்தார். போய் இறங்கினால், கடை வாசலில் நான்கு டயர்களைத் துடைத்து அடுக்கி வைத்திருந்தார் முதலாளி. பார்த்ததும் எனக்குத் தலை சூடாகிவிட்டது. நான்கும் வேனில் ஓடித் தேய்ந்து கம்பி தெரிகிற டயர்கள்.

"என்னங்க, இவருகிட்ட என்னா சொன்னீங்க?"

ராஜு காதைச் சொறிந்தார். "ஸ்லிக்குன்னா அவருக்கு வெளங்கல புள்ள. ஸ்லிக்குன்னா மொட்டைதானே? மொட்டைக்குச் சிங்களத்துல தட்டதானே? தட்ட டயர் நாலு வேணும்னு சொன்னேன்."

"போன்லயே அவருக்கு உங்க மொட்டைத் தலை தெரிஞ்சிருக்கும்."

"தலை இன்னும் முழுசாத் தேயல, கேலி பண்ணாத."

தவறு எங்களுடையது. அத்தோடு முடிந்திருக்கும். நான் முதலாளியிடம் சிங்களத்தில் விளக்கினேன். ரேஸ் ஓட்டுவதற்கு, இது ஆகாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். கடைப் பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வத்தே அயட்ட ஓவா எத்தி."

தோட்டத்து ஆட்களுக்கு அதெல்லாம் போதும் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் புரியாது என்று அவர் நினைத்திருக்க முடியாது, அதுவரை சிங்களத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். தெரிந்தே சொன்னார். ராஜு என் கையைப் பிடித்து லொறியில் ஏற்றினார். அவர் இழுக்காமல் விட்டிருந்தால் அங்கேயே ஒரு ரேஸ் நடந்திருக்கும்.

அவிசாவளையைத் தாண்டினோம். கரவனல்லையில் ஆளுக்கு இரண்டு பராட்டாவும் பிளேன்டீயும். அதற்கப்புறம் புளத்கொகுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு ஏறும் பாதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் பால் வெட்டியவள்தான். காலையில் வெட்டி, மதியம் பால் சேர்த்து, தொட்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த ரப்பர் எங்கெங்கோ போய் டயராகிறது. எங்களுக்கு மட்டும் தேய்ந்தது போதுமாம்!

கேகாலையைத் தாண்டி, கண்டி வீதியில் மாவனல்லை வந்து சேர மதியமாகிவிட்டது. கொழும்பு ரேஸ்காரர்கள் கழற்றிப் போடுகிற டயர்களை வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் அண்ணனின், அதாவது நானாவின், கடை அங்கே இருப்பதாக ராஜுவின் கூட்டாளி சொல்லியிருந்தார். நானா ஸ்லிக்கை ஸ்லிக் என்றே சொன்னார். அதுவே எனக்குப் பாதி நிம்மதி. ஆனால் சொன்னதெல்லாம் ராஜுவிடம்.

"தம்பி எத்தன லேப் ஓடுறீங்க?"

"ஓடுறது அவங்க. நான் ஸ்பானர் எடுத்துக் குடுக்குற ஆளு."

நானா என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா தங்கச்சி? அப்ப சொஃப்ட் எடுங்க. மெதுவான ரப்பர், நல்ல பிடிப்பு ஈக்கிது. ஒண்டு பன்னிரண்டாயிரம்."

நான் குந்தி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். எங்களைப் போலத் தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஸ்லிக்கில் கோடு இல்லை, ஆனால் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். தீக்குச்சியை விட்டுப் பார்த்தால் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று தெரியும். பக்கவாட்டில் தயாரித்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். ரப்பர் நீலம் பாய்ந்திருந்தால் பலமுறை சூடேறி ஆறியது, தொடாதீர்கள். கடைசியாகக் கட்டை விரல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்து திரும்பி வர வேண்டும். தடமே விழாவிட்டால் அது செத்த ரப்பர். தோட்டத்தில் பால் உறைய வைத்த ரப்பர் ஷீட்டுக்கும் நான் இப்படித்தான் நகம் போடுவேன், பழக்கம்.

சொஃப்ட் டயர்களில் குழி பாதிகூட இல்லை. ஒரு ரேஸுக்குத்தான் வரும், அதுவும் கடைசிச் சுற்றுகளில் உருகி வழுக்கும். மூலையில் கடின வகை ஐந்து கிடந்தன. ஒன்றின் ஓரம் வெடித்திருந்தது. மற்ற நான்கும் நன்றாக இருந்தன. மூன்று ரேஸ் தாங்கும்.

"அது இருபதாயிரம் தங்கச்சி. பிடிப்பும் கொறவு."

"பிடிப்புக் கொறஞ்சா நான் பாத்துக்கிறேன் நானா. பாதியில கிழிஞ்சா யாரு பாத்துக்கிறது? பதினாலு."

"என்ன வெளாட்டா? பதினெட்டு."

"பதினாறு. பூட்டியும் தரணும்."

நானா ராஜுவைப் பார்த்தார். ராஜு வானத்தைப் பார்த்தார். "இவங்களோட எப்பிடித் தம்பி குடும்பம் நடத்துறீங்க?" என்றபடி நானா ரிம்களைக் கழற்றச் சொன்னார். நான்குக்கும் 64,000 ரூபா. சொஃப்ட் நான்கு 48,000க்கு ஒரு ரேஸ், இது 64,000க்கு மூன்று. எது மலிவு என்று நீங்களே பாருங்கள்.

அங்கிருந்து மேற்கே பன்னலை. இரவு லொறியிலேயே தூங்கினோம். ஞாயிறு காலை மேகம் கறுத்து நின்றது. மழைக்கான டயர் எங்களிடம் இல்லை. ராஜு சாமி கும்பிட்டார், நான் மேகத்தைத் திட்டினேன். எது வேலை செய்ததோ, மழை வரவில்லை.

முதல் ஐந்து சுற்றில் சொஃப்ட் டயர்காரர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது சுற்றில் அவர்கள் வளைவுகளில் வழுக்க ஆரம்பித்தார்கள். என் டயர் முதல் சுற்றில் எப்படிப் பிடித்ததோ அப்படியே பிடித்தது. இரண்டு பேரைத் தாண்டினேன். பதினோரு கார்களில் ஆறாவது. கோப்பை இல்லை, மேடை இல்லை. ஆனால் முடித்தேன். காரை யாரும் விற்கப் போவதில்லை.

திங்கட்கிழமை திரும்பும்போது இரத்தினபுரியில் லொறியை நிறுத்தச் சொன்னேன். "வேணாம் புள்ள," என்றார் ராஜு. ஆனால் நிறுத்தினார். முதலாளி வெளியே வந்து, லொறி மேலிருந்த காரின் டயரைத் தடவிப் பார்த்தார்.

"இதுவும் தட்டதானே?" என்றார் சிங்களத்தில்.

"தட்டதான் முதலாளி. உங்களுது தேஞ்சு மொட்டையானது, இது மொட்டையாவே பொறந்தது." அதையும் சிங்களத்திலேயே சொன்னேன். பிறகு, அன்றைக்கு அவர் சொன்ன வசனத்தை ஒரே ஒரு சொல்லை மாற்றித் திருப்பிக் கொடுத்தேன்: "வத்தே அயட்ட ஓவா மதி."

தோட்டத்து ஆட்களுக்கு அதெல்லாம் போதாது. சிங்களத்தில் மதி என்றால் போதாது என்று பொருள். தமிழில் அதே சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.