ஒரு மடிக்கணினி, பன்னிரண்டு வாத்தியக்காரர்கள்

கணினிக்குள் இருக்கும் வாத்தியங்களுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, சண்டை மட்டும் உண்டு. அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருக்கும் ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் ஒரு வேலையைத் தனியாக முடித்துக் காட்டினால் நிரந்தரம். இல்லையென்றால் காஜாங்கில் அப்பா பேசிவைத்திருந்த காப்புறுதி அலுவலகம். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் எனக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும் வேலைதான் சரி என்று பட்டது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருப்பவர்களே, அந்த நினைப்பு எத்தனை நாள் நிலைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் கட்டை

முதல் நாள். முதலாளி வேலு அண்ணே கீபோர்டைக் காட்டி, ஒரு கட்டையை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். வயலின், சித்தார், புல்லாங்குழல், தவில், பெண்கள் கோரஸ் எல்லாம் ஒன்றாக அலறின. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினேன். கீழே பூக்கடை அக்கா மாடிப்படி வரை ஓடி வந்துவிட்டார்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி எண் கொடுக்காவிட்டால், எந்தக் கட்டையை அமுக்கினாலும் அத்தனையும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம். வேலு அண்ணே சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆபீஸ் மாதிரி லா. ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் நம்பர் குடுக்கலேன்னா, ஒரு போன் அடிச்சா எல்லாரும் ஹலோம்பாங்க.”

இரண்டு கால் போதாது

எண் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். மாற்றிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். கிள்ளானில் பரதநாட்டியம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர், ஜதிக்கான ஒலிப்பதிவைக் கேட்க மாணவிகள் நால்வருடன் வந்திருந்தார். நான் மிருதங்கத்துக்கும் புல்லாங்குழலுக்கும் எண்களை இடம் மாற்றிப் போட்டிருந்தேன். மிருதங்கம் வாசிக்க வேண்டியதையெல்லாம் புல்லாங்குழல் வாசித்தது. பூனையின் வாலை யாரோ தாளம் தவறாமல் மிதிப்பதுபோல் இருந்தது.

நான்கு பெண்களும் தூக்கிய காலை இறக்காமல் நின்றார்கள். நிறுத்தும் பொத்தான் எங்கே என்பதே எனக்கு மறந்துவிட்டது. டீச்சர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “இதுக்கு ஆடணும்னா என் பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு கால் வேணும்மா.”

பன்னிரண்டு பொட்டலம்

மூன்றாவது மாதம் அந்தோணி அங்கிள் வந்தார். சுங்கை பூலோக்காரர். கிள்ளான் தேவாலயத்தில் மகளுக்குத் திருமணம். அங்கே ஆர்கன் வாசிப்பவர் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாதிரிக்கு ஓர் இசையை, ஆர்கனும் வயலின்களுமாகப் பன்னிரண்டு வாத்தியங்கள் என்று எழுதி, அனுப்பியிருந்தேன். கேட்டுவிட்டு நேரில் வந்தவர் கையில் பெரிய பை. உள்ளே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பன்னிரண்டு பொட்டலம்.

“எல்லாரும் எங்கம்மா? வெளியே போயிருக்காங்களா?” என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். மடிக்கணினியைத் திருப்பித் திரையைக் காட்டினேன். பன்னிரண்டு வரிசைகளையும் விரல் வைத்து எண்ணினார். “அப்போ அத்தனை பேரும் நீதானா? சரி, கல்யாணத்துக்கு நீயே வந்துடு. பன்னிரண்டையும் நீயே சாப்பிடு.”

மூன்றாம் எண்

அதுதான் நான் தனியாகச் செய்த வேலை: மடிக்கணினியையும் கீபோர்டையும் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் நேரடியாக வாசிப்பது. எங்கள் கூடத்தில் யாரும் புதுக் கோப்பு தொடங்குவதில்லை. எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒலி போகும் வழி அமைக்க அரை நாள் ஆகும். அதனால் போன வேலையின் கோப்பைத் திறந்து, வேண்டாததை ஊமையாக்கி, வேறு பெயரில் சேமிப்போம். போன வேலை அம்மன் திருவிழாப் பாட்டு. தவிலை ஊமையாக்கிவிட்டு, அதன் மூன்றாம் எண்ணை ஆர்கனின் அடிக்குரலுக்குக் கொடுத்தேன். தவிலின் ஒலி வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. நான் ஒன்றைத்தான் அடைத்திருந்தேன்.

ஒத்திகையில் தெரிந்திருக்கும். ஆனால் தேவாலயத்தில் ஆன்டிகள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கத்தில் வலது கையால் மட்டும் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். அடிக்குரல் இருந்தது இடது கையில்.

மணப்பெண் அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எல்லாரும் எழுந்தார்கள். இரண்டு கைகளையும் வைத்தேன். ஆர்கனோடு சேர்ந்து தவில் இடித்தது. ஒலிபெருக்கிகள் வேறு புத்தம் புதியவை. ஃபாதர் கூரையைப் பார்த்தார். பீடத்தருகே நின்ற மாப்பிள்ளை துள்ளிப் பின்வாங்கிப் பூச்சாடிமேல் விழப் பார்த்தார். என் இடது கை தீயில் பட்டதுபோல் எழும்பியது. மிச்சத்தை வலது கையால் மட்டும் வாசித்து முடித்தேன். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என் காதில் காஜாங் காப்புறுதி அலுவலகத்தின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் அங்கிள் நேராக என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: “வீடியோவிலே அது பதிவாகியிருக்குமா? வெட்டிடச் சொல்லாதேம்மா, மாப்பிள்ளை குதிச்ச இடம் அதான்.”

திங்கட்கிழமை

அந்த வீடியோ எனக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் படியேறும்போது பூக்கடை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். வேலு அண்ணே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எப்படியும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லப்போகிறார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பாதியிலே எந்திரிச்சு ஓடாம ஒத்தக் கையாலே முடிச்சே பாரு, அதுக்காக வேலை உனக்குத்தான். ஆனா இனிமே தனியா மட்டும் போயிடாதே.”

இப்போது நான் நிரந்தர ஊழியர். இடது கை மட்டும்தான் இன்னும் தற்காலிகம்.