பெல்ட்டில் வந்த துப்பாக்கி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் நான் பார்க்கும் வேலைக்கு கன்மேன் என்று பெயர். நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை. அந்தத் துப்பாக்கி கடையுடையது அல்ல, என்னுடையது. உரிமம் என் பெயரில் இருக்கிறது. அது தொலைந்தால் போலீஸ் வந்து நிற்கப்போவது கடை வாசலில் அல்ல. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் என் வீட்டு வாசலில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று இன்னும் பலர் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு அறை. உள்ளறைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி. தோட்டாக்கள் தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில். இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் இருந்ததே கிடையாது. உப்புக்காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் துருப் பூத்துவிடும் என்பதால் ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பேன். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் போய் எடுத்து வருவேன். பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை, "அண்ணே, ஒரே ஒரு பூநாரை. கொழம்பு வெச்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். "சரணாலயத்துப் பறவைடா அது. ஜெயிலுக்கு எங்கூட நீ வர்றியா?" என்றேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

போன வருடம் வடக்கே ஒரு நகரத்தில் நகைக் கண்காட்சி. கடையிலிருந்து நாலு பேர் விமானத்தில் போனோம். துப்பாக்கியோடு நான் விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு விசாரித்து, உரிமம் அந்த மாநிலத்திலும் செல்லும் என்று உறுதி செய்துகொண்டேன். பூட்டுப் போடும் கெட்டியான பெட்டி ஒன்றும் வாங்கினேன்.

மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். டாக்சியில் போகும்போது, "அண்ணே, உள்ள இன்னா இருக்குன்னு கேட்டா கேமரா ஸ்டாண்டுன்னு சொல்லிடுங்க. துப்பாக்கின்னா லேட் பண்ணுவாங்க" என்றார்.

"சார், அது பொய் மட்டும் இல்ல, கேஸு. நான் உண்மையத்தான் சொல்லுவேன்" என்றேன். அவர் முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. இரண்டு அதிகாரிகள் வந்து தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். குழல் இரண்டும் காலி என்று திறந்து காட்டினேன். தோட்டாக்களை எண்ணிக் காட்டினேன். உரிமத்தைப் படித்தார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அதில் எனக்குக் குறையே இல்லை, அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர்களில் ஒருவர் முகவரியைப் படித்துவிட்டு, "மீன் புடிக்கிற ஊர்ல துப்பாக்கி எதுக்கு?" என்று சிரித்தார்.

"இருபது வருசம் எல்லையில நின்னப்போ எந்த ஊருன்னு யாரும் கேக்கல சார்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பெட்டியில் சிவப்பு அட்டை கட்டிவிட்டு அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள்: "எறங்குனதும் பெட்டியெல்லாம் சுத்தி வர்ற பெல்ட்டுக்குப் போகாதீங்க சார். பக்கத்துலயே எங்க ஆபீஸ் இருக்கும். அங்க அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, கையில வாங்கிக்கணும்."

இறங்கியதும் அந்த அலுவலகத்தின் கதவருகே போய் நின்றேன். உள்ளே இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே, "வரும், நில்லுங்கள்" என்று இந்தியில் சொன்னார். நின்றேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். எங்கள் விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியோடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஏதோ உறுத்தியது. பெல்ட் பக்கம் நடந்தேன். அது காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஒரு கல்யாணக் கூட்டம் மூன்று தள்ளுவண்டிகளில் சாமானை மலைபோல் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போகிறது. நடுவண்டியில், இரண்டு சூட்கேஸ்களுக்கு இடையில் என் பெட்டி. சிவப்பு அட்டை தொங்கி ஆடுகிறது.

ஓடினேன். கத்தவும் முடியாது. அந்த இடத்தில் துப்பாக்கி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதலில் என்னைத்தான் கீழே தள்ளி அமுக்கியிருப்பார்கள். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இது என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். தள்ளிக்கொண்டு போன பெரியவர் நல்ல மனிதர். "மன்னியுங்கள், பெல்ட்டில் எங்கள் சாமானோடு கிடந்தது, எங்களுடையது என்று நினைத்துவிட்டோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பூட்டை உடைத்துப் பார்க்கும் ஆளும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால்?

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். அந்த ஆள் இப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்றார்.

இருபது வருடம் சிப்பாயாக இருந்தவன் நான். கிடைத்துவிட்டதே என்று எந்த ஆயுதக் கிடங்கிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "யார் இதை பெல்ட்டில் போட்டது? எழுத்தில் கொடுங்கள்" என்று இந்தியிலேயே கேட்டேன். அப்படிப்பட்ட படிவம் இல்லை என்றார். வெள்ளைத்தாள் போதும் என்றேன். மேலதிகாரி இல்லை என்றார். வரும்வரை நிற்கிறேன் என்றேன்.

மேனேஜர் வெளியிலிருந்து போன் செய்தார். "அண்ணே, ஸ்டால் தொறக்கணும், எல்லாம் வண்டியில உக்காந்துனு இருக்கோம். நீங்க அங்க இன்னா பண்றீங்க?"

"நீங்க போங்க சார், நான் பின்னாடி வர்றேன். இது தொலைஞ்சிருந்தா உள்ள போறது நீங்க இல்ல, நான்."

போனை வைத்துவிட்டார்.

கடைசியில் காவல் பணியில் இருந்த பெண் அதிகாரி ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர்தான் முதல்முறையாக எழுந்து நின்று கேட்டவர். உரிமத்தில் இருந்த பெயரையும் சிவப்பு அட்டையில் இருந்த பெயரையும் ஒப்பிட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்லி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அந்த ஆளை வரவழைத்து, நடந்ததை எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, முத்திரையோடு ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். இரண்டு மணி நேரம் போயிருந்தது.

கண்காட்சி முடிந்து திரும்பும்போது அந்த நகலைக் கவுண்டரில் காட்டினேன். இங்கே வந்து இறங்கியதும் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி வந்து, அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. அவ்வளவுதான் அந்த வேலை!

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஏரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிப்பவள், விரல்களெல்லாம் கீறல். நடந்ததைச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த கூடையைக் கீழே போட்டாள்.

"எட்டு வருசமா இந்தக் குருவிக்கூட்டுல அதுக்கு ஒரு செவுரு வுட்டுக் குடுத்துனு கீறேன். சொந்தக்காரங்க வந்தா அந்த ரூம்புல படுக்கவுட மாட்டேன். அவ்ளோ பெரிய கட்டடத்துல அவங்களுக்கு வெக்க எடமில்லையா? நீ ஏன்யா ரெண்டே மணி நேரத்துல அவங்கள வுட்டுட்டு வந்த?"

ஒரு வாரத்தில் என்னை மீஞ்சூர் பக்கம் கடையின் கிடங்கு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வெளியூர்ப் பயணத்துக்கு வேறு ஆள். "நீங்க சட்டம் பேசுறீங்கண்ணே, நமக்கு ஒத்து வராது" என்றார் மேனேஜர். அவர் முகத்தைப் பார்த்தே, "நாளைக்கு அந்த ஆளு கேமரா ஸ்டாண்டுன்னு சொல்லி மாட்டுனா, கூட நிப்பீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

விமான நிறுவனத்துக்கு நகலை வைத்துப் புகார் அனுப்பினேன். மகள்தான் ஆங்கிலத்தில் எழுதினாள். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் படித்துக் காட்டினாள்: "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்னு போட்டுக்கீது, நைனா."

சாப்பாடு ஆறியிருந்தால் அசௌகரியம். நாற்காலி சாயவில்லை என்றால் அசௌகரியம். இரட்டைக்குழல் துப்பாக்கி கேட்பாரற்று ஊர் நடுவே சுற்றியதற்கும் அதே சொல்லா? மகளிடம் மறுபடி எழுதச் சொன்னேன். இந்தத் தடவை போனில் அழைத்தார்கள். மிகவும் பணிவான பெண் குரல்.

"சார், பொருள்தான் பத்திரமா வந்துடுச்சே. இன்னும் என்ன எதிர்பார்க்கறீங்க?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அதை பெல்ட்டுல வெச்சது யாரு, இனிமே வெக்காம இருக்க நீங்க இன்னா பண்ணீங்க, இது ரெண்டும் எழுத்துல வேணும்."

விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. நேற்று மூன்றாவது கடிதத்தைப் பொன்னேரி தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டேன்.