பூமாவை எழுப்புகிறவள்

தஹ்மீனா கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஜன்னல் கொக்கியில் மாட்டுகிறாள். வளையல் கொக்கிக்குப் போய்விட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு பால்காரர் வந்தாரா, தண்ணீர் நின்றுவிட்டதா என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்தில் வைத்த தேநீரை ஆடை படியும்வரை விட்டுவைப்பாள். பிறகு கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்துவிடுவாள். "சூடா குடிச்சா ருசி தெரிஞ்சிரும் சிஸ்டரம்மா. ருசி தெரிஞ்சா கவனம் டீக்குப் போயிரும்" என்பாள்.

அய்யம்பேட்டையில் ரயிலடிக்குப் போகும் தெருவில் வீடு. கணவர் பாசித் மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறார். மாமியார் லத்தீஃபாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதால், பகலில் பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான் போகிறேன். இன்வெர்ட்டர் இணைப்பு அந்த ஓர் அறைக்குத்தான். ஆகவே ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் அவளுடைய மேசை. கட்டிலில் இருப்பவரை நான் கவனிக்கிறேன். மேசையில் இருப்பவற்றை அவள் கவனிக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "பூமா மறுபடி விழுந்துட்டா. எவ்வளவு தூக்கினாலும் எந்திரிக்க மாட்டேங்குறா" என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். நான் கையிலிருந்த துண்டைப் போட்டுவிட்டு, "ஆளை நகத்த வேண்டாம்னு சொல்லும்மா. தலையில அடியா?" என்று கேட்டேன். மாமியாரும் மருமகளும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பூமா என்பது ஒரு மென்பொருள். இணையத்தில் யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சர்வர். ஓட்டல் சர்வரைப் போலத்தான், தட்டு மட்டும் இல்லை.

சிறிய நிறுவனங்களின் கணினிகளில் இந்தப் பூமாவை நிறுவுவதும், விழுந்தால் எழுப்புவதும் தஹ்மீனாவின் தொழில். அதிலும் ரூபி என்ற மொழியில் எழுதிய செயலிகளை ஜாவாவின் மேல் ஓட்டுவதில் அவளுக்குப் பெயர் உண்டு. அது என்ன என்று கேட்டேன்.

"பொண்ணக் கட்டிக்குடுக்குற மாதிரி சிஸ்டரம்மா. பொண்ணு ரூபி, புகுந்த வீடு ஜாவா. கைப்பக்குவம் இவளுது, அடுப்பு அவுங்களுது. பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டாந்த சில பாத்திரம் அந்த அடுப்புல ஒக்காராது. அதுக்குத் தோதா வேற பாத்திரம் வாங்கித் தரணும்."

"ஏன், எங்க அடுப்புக்கு என்ன கொறச்சலாம்?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"உங்க அடுப்பச் சொல்லல மாமி."

"சொன்னாலும் எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டா."

ஜாவாவுக்கு ஒரு கோளாறு வந்தால் அதை ஒரு வரியில் சொல்லத் தெரியாது. எது எதைக் கூப்பிட்டது, அதை யார் கூப்பிட்டார் என்று திரை நிறைய வம்சாவளி பாடும். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு வேன் நிறைய வந்து இறங்குகிற சொந்தக்காரர்களைப் போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நடந்ததைப் பார்த்தவர் மட்டும் பின்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். தஹ்மீனா திரையில் சரசரவென்று கீழே இறங்கி அந்த ஒருவரைப் பிடித்துவிடுவாள். "மத்தவங்கல்லாம் வாயப் பொத்துங்க. நீ சொல்லுடா ராஜா" என்று அந்த வரியிடம் சொல்வாள். பிறகு கணினிக்கு உரியவரை அழைத்து, "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் என்ன குடுத்தீங்க?" என்று கேட்பாள். வார்டில் நாங்கள் கேட்ட கேள்விகள்தான். எனக்கு அவளைப் பிடித்துப்போனது இதனால்தான்.

போன தை மாதம் ஒரு நாள் காலையிலேயே வளையல் கொக்கிக்குப் போய்விட்டது. குத்தாலம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்றின் செயலாளர் பரணிதரன் அழைத்திருந்தார். சம்பா அறுவடைக்கு வரும் இயந்திரங்கள் எந்த வயலுக்கு எப்போது போகவேண்டும் என்று முறைவைத்து டோக்கன் அனுப்பும் செயலி அந்தக் குழுவுக்கு உண்டு. முந்தைய வருஷம் வாய்வழியாக முறை சொல்லப்போய் வரப்பிலேயே கைகலப்பு ஆகியிருக்கிறது. அதிலிருந்து செயலி சொல்வதுதான் முறை. வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி ஜாவாவைத்தான் மதிக்கும் என்பதால், ரூபியில் எழுதிய அந்தச் செயலியும் ஜாவாவில் குடியேறியிருந்தது. இப்போது பழைய கணினி போய், புதியது வந்திருந்தது. அதில் பூமா எழவில்லை.

வயலில் நெல் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு நாளில் மழை என்று அறிவிப்பு. ஈர வயலில் இறங்கக்கூடிய செயின் வண்டிகள் ஆத்தூரிலிருந்து வந்து நிற்கின்றன. சாயங்காலத்துக்குள் மறுநாளைய டோக்கன் போகாவிட்டால் வண்டிக்காரர்கள் மன்னார்குடிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். அங்கேயும் இதே மழைதான், இதே அவசரம்தான்.

முதலில், புதிய கணினியிலும் பழைய ஜாவாவையே போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. "வீடே இடிஞ்சி கெடக்கு, எங்கேர்ந்து குடிவெக்கிறது" என்று முணுமுணுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். அடுத்து ஒரு பாத்திரம் அடுப்பில் உட்காரவில்லை. அதை எடுத்துவிட்டு ஜாவாவுக்கு ஏற்றதை வைத்தாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பூமாவை எழுப்பினாள். எழுந்த வேகத்தில் விழுந்தது.

சொந்தக்காரர்களை விலக்கிக் கீழே இறங்கிப் பார்த்தாள். பூமா எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதன் முதல் வரியில் யாரோ நிற்கிறார், அவர் யாரென்று தெரியவில்லை என்பதுதான் புகார். கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் ஒரு வெற்றுக் கட்டம். அவளுடைய கறுப்புத் திரைக்கு எழுத்து புரியாவிட்டால் இப்படிக் கட்டம்தான் போடும். பரணிதரனை அழைத்துத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணே, பூமா ஃபைல்ல கை வெச்சீங்களா?"

"போர்ட் நம்பரு தங்கச்சி, நீங்க சொன்னீங்களே, அது ஒன்னுதான். வேற ஒரு புள்ளிகூட வெக்கல."

"வாட்ஸ்அப்புலேர்ந்து எதாச்சும் எடுத்து ஒட்டுனீங்களா?"

"சத்தியமா இல்ல. தங்கச்சி, வண்டிக்காரன் பையத் தூக்கி உள்ள போடுறான். மழை எறங்குனா கதிரு வயல்லயே மொளச்சிரும். ஒங்க காலுல வேணா விழுறேன்."

"காலெல்லாம் வேணாம். மாத்துனத சொல்லாதீங்க. ஃபைலத் தொறந்து மேலேர்ந்து அப்படியே எனக்குப் படிச்சிக் காட்டுங்க."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பரணிதரன் பள்ளிக்கூடப் பையனைப் போல வாசித்தார். "மொதல்ல சுழி. அதுக்குக் கீழ போர்ட்டு..."

"மொதல்ல என்னது?"

"பிள்ளையார் சுழிங்க. புது மெசினு, அறுப்பு நேரம். அது இல்லாம எப்புடி ஆரம்பிக்கிறது?"

"அண்ணே! ஒரு புள்ளிகூட வெக்கலன்னீங்களே!"

"புள்ளி வெக்கல தங்கச்சி. சுழிதானே போட்டேன்."

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினால், "ஒன்னுமே சாப்பிடலம்மா, ரெண்டு வாழப்பழம்தான்" என்று வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. பழம் அவர்கள் கணக்கில் சாப்பாடு இல்லை. பரணிதரன் கணக்கில் சுழி மாற்றம் இல்லை.

தஹ்மீனா மேசையில் நெற்றியை வைத்துக் குலுங்கிச் சிரித்தாள். "பூமாவுக்கு அது சுழின்னு தெரியலண்ணே. 'உ'ன்னு யாரோ ஒரு ஆளு பேருன்னு நெனச்சிட்டா. ஊரெல்லாம் தேடிப் பாத்துட்டு, அப்புடி ஒருத்தர் இல்லன்னு படுத்துட்டா."

வாக்கரைப் பிடித்து நின்றிருந்த லத்தீஃபா, "அதே எடத்துல பிஸ்மிக்குப் போடுற எழுநூத்தி எம்பத்தாறு போட்டிருந்தா?" என்று கேட்டார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

தஹ்மீனா யோசித்தாள். "ஓடிருக்கும் மாமி. அது வெறும் நம்பருதானே. நம்பருன்னா அவ ஒன்னும் கேக்க மாட்டா, பாட்டுக்குத் தாண்டிப் போயிருவா."

"பாத்தியா!" என்றார் லத்தீஃபா.

"அப்ப அடுத்த தடவ நான் அதயே போட்டுர்றேம்மா" என்றது ஒலிபெருக்கி. "வண்டி ஓடுனா சரி."

"நீங்க ஒங்களுதயே போடலாம்ணே. முன்னாடி # இந்தக் குறி ஒன்னு வெச்சிட்டா அந்த வரிய பூமா படிக்கவே மாட்டா. சுழி பாட்டுக்கு இருக்கும்."

பரணிதரன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் தங்கச்சி. இப்ப பரீச்ச பண்ண நேரமில்ல. எடுத்துருங்க. அவரு கோச்சிக்க மாட்டாரு." கடைசி வாக்கியத்தில் குரல் இறங்கியிருந்தது.

எடுத்தாள். பூமாவை எழுப்பினாள். ஜாவாவின் மேல் எழுகிற எதுவும் சட்டென்று எழாது. புரண்டு, சோம்பல் முறித்துத்தான் எழும். வரிகள் ஒவ்வொன்றாக ஓடி, ஓரிடத்தில் நின்றன. விழவில்லை.

"வந்துருச்சு!" என்று ஒலிபெருக்கி அலறியது. "டோக்கன் வந்துருச்சு! நாளைக்கு மொதல்ல ரெங்கசாமி வயலு! யோவ், பையக் கீழ எறக்குய்யா! தங்கச்சி, ஒங்க புண்ணியம், அப்பறம் கூப்புடுறேன்." வண்டிக்காரரை நோக்கி அவர் ஓடும் சத்தத்தோடு இணைப்பு அறுந்தது.

லத்தீஃபாவை ஒருவழியாக உட்காரவைத்து, காலுக்குத் தலையணை கொடுத்தேன். நிமிர்ந்தபோது தஹ்மீனா இன்னும் திரையின் முன்தான் இருந்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடமாம். அவள் அந்தக் கோப்பை மறுபடி திறந்து முதல் வரிக்குப் போனாள். ஒரு # போட்டாள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினாள். பழக்கமில்லாத விரல் எழுத்துகளின் மேல் கொஞ்சம் அலைந்தது. பிறகு ஒரு விசையை அழுத்தினாள். திரையில் ஒரு கட்டம் விழுந்தது.