நாற்பது நாள் தீவனம்

கோழித் தீவன ஆலையில் இருபத்தாறு வருஷம் கலவைப் பிரிவில் நின்றவனுக்குத் தீவனத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயாப் புண்ணாக்கு எத்தனை கிலோ, உப்பு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆலையில் அவனைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஐம்பது கிலோ என்று அச்சடித்த சாக்குகளில் ஐம்பத்துமூன்று கிலோ போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவன் அவன். வழியில் சிந்தினாலும் வாங்குகிறவன் வாய் திறக்கக் கூடாது என்று நிர்வாகம் மூன்று கிலோ கூட்டிவைத்திருந்தது. சுமக்கிற முதுகை யார் கேட்டது? தராசு ஒரு நாள் காலை எடைமேடை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் ஓடிவந்து "இறங்குய்யா" என்றார். "மூணு கிலோவ இறக்குங்க, நானும் இறங்குறேன்" என்றான். சாயந்தரத்துக்குள் இறக்கினார்கள். அந்த ஆலையில் சங்கத்துக்கு ஆள் சேர்க்க நான் அச்சடித்த ஆயிரம் துண்டறிக்கையும் செய்யாத வேலையை அவன் உட்கார்ந்த ஒரு உட்காரல் செய்தது.

அப்படிப்பட்டவன் ஒரு கிளியைக் கொல்லப் பார்த்தான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கிளி அவனுடைய அக்காவுடையது. அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டின் முன்னறை அவருக்கு, ஜன்னலோரம் கூண்டு. பதினான்கு வருஷமாக அந்தக் கிளி அவர் குரலிலேயே "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திவைத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தம்பி வீட்டில் தங்கப் போனார். போகும்போது ஒரு தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டினார். காலையில் நறுக்கிய கீரை, கேரட், பூசணி. மதியம் வேகவைத்த பயறும் கொஞ்சம் முழுத் தானியமும். கடையில் விற்கும் கிளிக் குருணை ஒரு கிண்ணம். பழம் ஒரு துண்டு, விதை நீக்கி. சூரியகாந்தி விதை சாயந்தரம் ஒரே ஒரு கரண்டி, அதுவும் பழக்கத்துக்காக.

"இதுல இருக்கறத மட்டும் குடு. உன் மூளைய இதுல கலக்காத" என்றார்.

"அக்கா, ஒரு மணி நேரத்துக்கு ஆறு டன் கலக்குறவன்கிட்ட பேசுற நீ."

"அது ஆலைடா. இது ஒத்த உயிரு."

கார் தெருமுனை திரும்பியதும் தராசு கிளியைத் தூக்கிச் சமையலறை எடைமெஷினில் நிறுத்தினான். இருநூற்று நாற்பது கிராம். "எங்கக்கா இதப் பட்டினி போட்டு வெச்சிருக்கா" என்று தீர்ப்புச் சொன்னான். அவ்வளவுதான். ஃபிரிஜ் கதவில் இருந்த தாள் அங்கேயே இருந்தது, சட்டப் புத்தகத்தில் இருக்கும் தொழிலாளர் உரிமை மாதிரி.

அவனுடைய கலவை: சூரியகாந்தி விதை, நிலக்கடலை, உடைத்த மக்காச்சோளம், மேலே எண்ணெய் ஒரு சொட்டு. கிளிக்குக் கொண்டாட்டம். கேரட்டைத் தூக்கி எறிந்துவிட்டு விதையில் தலையை விட்டது. எந்தக் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும்?

அவன் சம்சாரம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"ஏங்க, அண்ணி சொன்ன கீரை வாடிக் கெடக்கு."

"கீரைல என்ன இருக்கு? தண்ணி. நான் என்ன கோழிக்குத் தண்ணியவா மூட்ட கட்டி அனுப்புறேன்?"

"இது கோழியா?"

"றெக்க இருக்கா? அலகு இருக்கா? அப்புறம் என்ன?"

"உங்களுக்குக்கூடத்தான் மீசை இருக்கு. பூனைன்னு கிண்ணத்துல பால் ஊத்தட்டுமா?"

ஞாயிறுதோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்தான். இருநூற்று ஐம்பத்தெட்டு. இருநூற்று எழுபத்தேழு. ஏழாவது வாரம் முந்நூறு. ஆலையில் தீவனம் நல்ல தீவனமா என்று பார்ப்பது இப்படித்தான்: எடை ஏறினால் நல்லது, வேகமாக ஏறினால் மிக நல்லது. அந்த ஒரு கேள்விக்குமேல் அங்கே யாரும் கேட்பதில்லை. டீ இடைவேளையில் நோட்டைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினான். "ஏழு வாரத்துல அறுபது கிராம்!" பக்கத்து மெஷின்காரன், "அடுத்த வாரம் பிரியாணியா?" என்று கேட்டிருக்கிறான். தராசு அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒன்பதாவது வாரம் எடை முந்நூற்று முப்பத்தெட்டு. கிளி குச்சியில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் விழுந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் சம்சாரம் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பாரு. அண்ணி வந்து இந்தக் கூண்டு காலியா இருந்துச்சுன்னா, இந்த வீட்ல யாரும் யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

நான் போய்ப் பார்த்தேன். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. அலகு வளர்ந்து கோணிக்கொண்டிருந்தது. மார்பு இறகு மங்கி, உதிர்ந்து, பழைய துடைப்பம் மாதிரி. வாய் திறக்கவில்லை. ஆலை வாசலுக்குப் போய் அவனை ஷிப்டு முடிகிறதற்கு முன்பே வெளியே வரச்சொன்னேன். "தோழர், வெயிட்டு ஏறியிருக்கு, நோய் எப்படி வரும்?" என்றான். ஆட்டோவில் மடியில் கூண்டோடும் சட்டைப் பையில் அந்த நோட்டோடும் வந்தான்.

பறவை டாக்டர் முப்பது வயதுப் பெண். கிளியின் நெஞ்சைத் தடவினார். "இங்க எலும்பு கைல தட்டுப்படணும். தேட வேண்டியிருக்கு" என்றார். இறகை விலக்கி ஊதினார். தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு. தராசு பெருமையோடு நோட்டை நீட்டினான். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் காது சிவந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தீவன ஆலை, மேடம். கலவைப் பிரிவு. இருபத்தாறு வருஷம்."

"உங்க தீவனம் திங்கற கோழி எத்தன நாள் உயிரோட இருக்கும்?"

"நாப்பது. மிஞ்சிப்போனா நாப்பத்திரண்டு."

"அதுக்கப்புறம்?"

அவன் நோட்டுக்குக் கை நீட்டினான். டாக்டர் தரவில்லை.

"இது இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்க வேண்டிய ஜீவன். நீங்க கறிக்கு வளத்திருக்கீங்க. கல்லீரல் பூரா கொழுப்பு. இவ்வளவு அழகா எழுதி வேற வெச்சிருக்கீங்க, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு கொன்னீங்கன்னு!"

நாற்பது நாள். அந்த ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கும் கலவைப் பட்டியலை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. நாற்பத்தொன்றாவது நாள் இல்லை. கோழியின் ஈரல் என்ன ஆகும் என்று யாருக்கும் கவலை கிடையாது, அதற்குள் கோழியே இருக்காது. அந்தப் பட்டியலுக்குக் கீழேயே உட்கார்ந்து தொழிலாளி பத்து மணிக்கு ஒரு பன்னும் சர்க்கரை போட்ட டீயும், நாலு மணிக்கு ஒரு பன்னும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிடுகிறான். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அதற்கு மேல் அவன் ஈரலும் கணக்கில் வராது. இருபத்தாறு வருஷம் இந்தக் கணக்குக்குள் நின்றவனுக்கு உயிர் என்றால் ஏறுகிற எடை என்றுதான் தெரியும். இதைச் சொல்லி அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை நான். தாள் ஃபிரிஜ் கதவில் இருந்தது. அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

"இன்னிக்கே விதைய நிறுத்திடறேன்" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயோ, நிறுத்தினா பட்டினியிலயே போயிடும்! அதுக்கு விதைதான் சாப்பாடுன்னு பழக்கிட்டீங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, பக்கத்துலயே காய வைங்க. தினம் எடை பாருங்க. மெதுவாத்தான் இறங்கணும். ஒரே வாரத்துல சடசடன்னு இறங்குச்சுன்னா ஓடி வாங்க." அலகைச் சீவிவிட்டு மருந்து கொடுத்தார். வாசல்வரை வந்து, "எண்ணெய், உப்பு, டீ, சாக்லேட், வெங்காயம், ஒண்ணும் கூடாது. நீங்களா எதையும் கண்டுபிடிக்காதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா போன் செய்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எப்படிடா இருக்கான்?"

"நல்லாருக்கான். புஷ்டியா இருக்கான்."

"போன அவன்கிட்ட பிடி."

பிடித்தான். கிளி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஏன்டா பேசல?"

"தூங்குறான்க்கா."

"காலைல பத்து மணிக்கா?"

சம்சாரம் கையிலிருந்த கரண்டியை டொக்கென்று வைத்துவிட்டு வந்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? இந்த வீட்ல ஒரு பொய்க்கும் சேத்து என்னால சமைக்க முடியாது."

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், நோட்டு உட்பட. நிர்வாகத்தோடு பேசும்போது நடுங்காத குரல் அக்காவிடம் நடுங்கியது என்று சம்சாரம் பிறகு என்னிடம் சொன்னார். மறுமுனையிலிருந்து "சின்னவன்கிட்ட வண்டிய எடுக்கச் சொல்றேன்" என்று மட்டும் வந்தது.

மூன்று வாரம் பாக்கியிருக்கும்போதே, ஆஸ்பத்திரி டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், நடக்க உதவும் கைப்பிடிச் சட்டத்தை ஊன்றிக்கொண்டு அக்கா வந்து இறங்கினார். நான் அங்கேதான் இருந்தேன். கூண்டருகே நாற்காலி போடச் சொன்னார். கிளியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"ஏன்டா, ஐம்பது கிலோன்னு எழுதி ஐம்பத்துமூணு ஏத்துனா தப்புன்னு மேடைல ஏறி உக்காந்தியே. இவன் முதுகுல நீ நூறு கிராம் ஏத்தியிருக்க. இவன் எங்கடா ஏறி உக்காருவான்?"

தராசு சுவரைப் பார்த்து நின்றான்.

"மறைக்கவும் பாத்த. அதுவும் எங்கிட்ட. ஒரு மூச்சு விட்டா, யாரு பொய் சொல்றான்னு லைன்லயே கண்டுபிடிச்சவகிட்ட."

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"அந்த வார்த்தையச் சொன்ன, இந்தச் சட்டத்தால மண்டையப் பொளந்துருவேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு போராட்டம் நடந்தது. காலை ஐந்தரைக்கு அவன் எழுந்து நறுக்க வேண்டும். அக்கா பார்த்துத் தருவார், தட்டு அவர் கையால்தான் கூண்டுக்குள் போகும். கிளி முதல் வாரம் எல்லாவற்றையும் வீசியெறிந்தது. கேரட் துண்டு தராசின் நெற்றியிலேயே வந்து ஒட்டியது. நாம் தின்பதைப் பார்த்தால்தான் அதுவும் தின்னும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, ஆறடி உயர ஆள் கூண்டின் முன்னால் உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடகடவென்று மென்றான், உலகத்தையே மெல்லுகிற கோபத்தோடு.

"தின்னுடா! நான் தின்றேன்ல!"

"அதட்டினா யாருக்குங்க சாப்பாடு எறங்கும்?" என்றார் சம்சாரம்.

தினமும் எடை போட்டான். இப்போது எண் இறங்கியது. முந்நூற்று முப்பது. முந்நூற்று இருபத்தைந்து. இறங்குகிற எண்ணைப் பார்த்து அவன் பெருமூச்சு விடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் கிளி ஒரு பூசணித் துண்டைக் காலால் பிடித்து, சந்தேகமாகச் சுரண்டி, தின்றது. யாரும் கைதட்டவில்லை. அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, ஈரல் திரும்புகிறது என்றார். முழுசாகத் திரும்புமா என்று அவர் சொல்லவில்லை. கிளி இன்னும் கூண்டிலிருந்து கதவு நிலைவரைதான் பறக்கிறது, அதற்குமேல் முடியாமல் இறங்கிவிடுகிறது. முன்பு முன்னறையை மூன்று சுற்றுச் சுற்றும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்தித்தாளை விரித்தார். தராசு சமையலறை வாசலில் கத்தியோடு நின்றான். ஏதோ கேட்க வந்தவன் போல இரண்டு முறை தொண்டையைச் செருமினான். எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டே பழகிய வாய் அது.

"அக்கா."

"என்ன?"

"நாளைக்கு அவனுக்கு என்ன குடுக்கணும்?"

அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பீன்ஸ். பொடியா நறுக்கு. அப்புறம் நோட்டுல எடைய மட்டும் எழுதாத. என்ன தின்னான், எத மிச்சம் வெச்சான், அதையும் எழுது."